அழுத சுவரும் பாதிச் சுண்ணாம்பும்

எங்கள் தெருவில் ஒரு சுவர் அழுதது. மனிதர் அழுதால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் தெரு இது. சுவர் அழுகிறது என்றதும் ஊரே திரண்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் வரிசை என் கடை வாசலைத் தாண்டிவிடும். நான் கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவன். எனக்கு நேர் எதிரே பைண்டிங் கடை. மேலே வீடு, நடுவில் கடை, கீழே ஒரு பழைய நிலவறை. கடையையும் வீட்டையும் ஒருசேரக் கட்டி ஆள்பவர் பைண்டர் அம்மா. காகிதக் கட்டும் அட்டையும் அடுக்கி வைக்கிற அவருடைய நிலவறையின் பின்சுவர்தான் அழுதது. பார்க்க வந்தவர்கள் குடையோடு வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள், ஒருவர் மடக்கு நாற்காலியோடு வந்தார். கண்ணீரைப் பிடித்துப்போகப் பாட்டிலோடு வந்தவர்கள்தான் அதிகம். மூட்டுவலிக்குத் தடவினால் கேட்கிறதாம். பரீட்சைக்கு முன் நெற்றியில் தொட்டு வைத்தால் பாஸாம். நானும் ஒரு பாட்டில் பிடித்து வைத்திருந்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட இது கௌரவம்.

சுவர் சும்மா அழுதால் யாருக்கு என்ன லாபம்? அழுகைக்கு அர்த்தம் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? வந்து சேர்ந்தார் செவியார்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சுவரில் காது வைத்துக் கேட்பவர் என்பதால் செவியார். வெறும் காதை வைத்தால் மரியாதை போதாது என்று ஒரு ஸ்டெதஸ்கோப் வைத்திருந்தார். அதில் ஒரு பக்கத்து ரப்பர் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. அதனால் என்ன, ஒரு காதில் சுவர் பேசுவதைக் கேட்பார், மறு காதில் வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்டுக்கொள்வார்.

முதல் ஞாயிறு அவர் சுவரில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் மூச்சைப் பிடித்தார். நிலவறையில் நெருக்கியடித்து நின்ற எண்பது பேரும் கூடவே மூச்சைப் பிடித்தோம்.

"இந்த வீட்டுக்குப் புதுசா வந்தது யாருன்னு கேக்குது" என்றார்.

அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவை பல. ஒரு தையல் மெஷின் வந்தது. இரண்டு எலிகள் வந்தன. ஆனால் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு எலியைக் காட்டி யாரும் பதில் சொல்வதில்லை. எல்லாத் தலைகளும் படிக்கட்டுப் பக்கம் திரும்பின. எட்டு மாதத்துக்கு முன் கல்யாணமாகி வந்த மருமகள் மேலே குழாயடியில் பசைத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ வந்த பிறகுதானே தாயே சுவர் அழ ஆரம்பிச்சது?"

"ஆமாங்க ஐயா!" என்றார் பைண்டர் அம்மா. "அதுக்கு முன்னாடி ஒரு சொட்டுக்கூடக் கிடையாது."

அது உண்மைதான். பொய் சொல்லியிருந்தால் யாராவது மறுத்திருப்பார்கள். உண்மையாகப் போனதால்தான் வினையாகிவிட்டது.

செவியார் பைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். தீர்ப்புத் துணியாம். குற்றமில்லாதவர் பிடித்தால் மஞ்சளாகவே இருக்கும், சுவரை அழ வைத்தவர் பிடித்தால் ரத்தம் காட்டும். பைண்டர் அம்மா பிடித்தார், மஞ்சள். அவர் மகன் பிடித்தான், மஞ்சள். நானும் கையை நீட்டிப் பிடித்தேன், மஞ்சள். அந்த நிமிடம் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. கையைத் துடைக்க வேணாம். அப்படியே வரச் சொல்லுங்க" என்றார் செவியார்.

அவள் ஈரக் கையோடு வந்து துணியைப் பிடித்தாள். விரல் பட்ட இடமெல்லாம் செக்கச் செவேலென்று ஆனது.

"ரத்தம்! ரத்தம்!" என்று அலறிக்கொண்டு ஓர் அம்மா மயங்கி விழுந்தார். மடக்கு நாற்காலி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத்தான் விழுந்தார்.

தீர்ப்பு வந்தது. அந்தப் பெண் இந்த வீட்டில் இருக்கும்வரை சுவர் அழும். அடுத்த ஞாயிறு விட்டு மறு ஞாயிறு, பதினோரு மணி பஸ்ஸுக்கு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், திரும்ப அழைக்கக் கூடாது. அதுவரை சுவரைச் சாந்தப்படுத்த செவியாரே தயாரித்த 'சாந்திக் கலவை' இருக்கிறது. வாரம் ஒரு டப்பா வாங்கிச் சுவரில் பூச வேண்டும். பூசினால் சுவர் கண்ணாடி மாதிரி பளபளக்கும். முக்கியமாகச் சுண்ணாம்பு அந்தச் சுவரின் பக்கமே வரக் கூடாது, சுவருக்கு ஆகாது. கூட்டத்தில் பாதிப்பேர் தங்கள் வீட்டுச் சுவர் அழுவதற்கு முன்பே ஆளுக்கொரு டப்பா வாங்கிப் போனார்கள். வருமுன் காக்கிறார்களாம்.

மருமகள் தன் புருஷனைப் பார்த்தாள். ஆயிரம் தாளை அடுக்கி ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டுகிற கைக்காரன் அவன். வாய்தான் வேலை செய்யாது.

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அவள் தரையில் சொட்டியிருந்த தண்ணீரைத் துடைக்கத் துணி எடுத்து வரப் போனாள். கூட்டம் கலைந்ததும் அதைத் துடைப்பதும் அவள் வேலைதான். பாவி என்று முத்திரை குத்தினாலும் துடைக்கிற வேலையிலிருந்து யாரும் விடுதலை கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, இதுக்கு முன்னாடி எங்க கீழ் ரூமுக்கு வெள்ளையடிச்சது யாருண்ணே?"

"சுண்ணாம்பு அக்கா. ஏன்மா?"

"கொஞ்சம் கூப்பிட முடியுமா? எங்க வீட்டுக்கு வேணாம். இங்கயே."

சுண்ணாம்பு அக்காவைத் தெரியாதவர் கிடையாது. ஊரில் பழைய கட்டடம் எதுவானாலும் அவருடைய பிரஷ் படாமல் இருந்ததில்லை. வருஷா வருஷம் அந்த நிலவறைக்கு அவர்தான் வெள்ளையடித்தார். போன வருஷத்தோடு அது நின்றுவிட்டது. அவர் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்ததும் மருமகள் மடமடவென்று சொன்னாள்.

"அக்கா, தரையைத் தினமும் துடைக்கிறது நான்தான். ஞாயித்துக்கிழமை வாளி வாளியா தண்ணி. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தா காய்ஞ்சு கிடக்குது. புதன் இல்ல, வியாழன் இல்ல. இன்னிக்குக்கூடத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் வர்றேன். நானும் அதே வீட்டிலதானே ஏழு நாளும் இருக்கேன்? என்னால அழுதா ஏழு நாளும் அழணுமில்ல?"

எட்டு வாரமாக எண்பது பேர் பார்த்த சுவர். இந்தக் கேள்வி எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கையில் துடைக்கும் துணி இருந்தவளுக்குத்தான் தோன்றியது.

சுண்ணாம்பு அக்கா கேட்டார். "கல்யாணத்துக்கு பளபளன்னு இருக்கணும்னு ஆயில் பெயிண்ட் அடிச்சாங்களே, எப்ப?"

"நான் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடின்னு சொன்னாங்க."

"மேல ரெண்டு காத்து ஓட்டை இருக்குமே?"

"அசிங்கமா இருக்குன்னு செங்கல் வெச்சு அடைச்சாச்சாம்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நீ வந்தப்புறம் அழுவுதுங்கிறது நிஜம்தான் கண்ணு. ஆனா உன்கூடவே பெயிண்ட்டும்தான் அந்த வீட்டுக்கு வந்திருக்கு. அதை ஏன் யாரும் பிறந்த வீட்டுக்கு அனுப்பல?"

பிறகு எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். மண்ணுக்குள் நிற்கிற சுவர் ஈரத்தைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்பு பூசியிருந்தால் அந்த ஈரம் மெல்ல வெளியே வந்து காற்றில் போய்விடும், மேலே படுகிற மூச்சையும் அது உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பெயிண்ட் அடித்தால் சுவருக்கு மழைக்கோட்டு மாட்டின மாதிரி. உள்ளே இருப்பது வெளியே வர முடியாமல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், உப்பு பூக்கும். வெளியிலோ முதலில் நாலு பேர், பிறகு எண்பது பேர் விடுகிற மூச்சு அந்தக் குளிர்ந்த பளபளப்பில் பட்டுத் தண்ணீராக நிற்கும்.

"அப்ப அழுவுறது சுவர் இல்லையா?" என்றேன்.

"உங்க மூச்சுதான் கடிகாரக்காரரே. பாட்டில்ல பிடிச்சு வெச்சிருக்கீங்களாமே, என்ன பண்றீங்க அதை?"

முழங்காலில் தடவிக்கொள்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு செவியார் ஸ்டெதஸ்கோப்பை மாட்டும் நேரம் பார்த்து, சுண்ணாம்பு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"ஐயா, பாதிச் சுவரை எனக்குக் கொடுங்க. இடது பாதி. சுரண்டிட்டுச் சுண்ணாம்பு அடிக்கிறேன். வலது பாதி உங்களுது, எவ்வளவு கலவை வேணும்னாலும் பூசிக்குங்க. ஓட்டையும் அடைச்சபடியே இருக்கட்டும். அடுத்த ஞாயிறு ரெண்டு பாதியையும் பார்ப்போம்."

"வேலை போன வயித்தெரிச்சல்ல பேசறா!" என்றார் செவியார்.

"ஆமா, வயித்தெரிச்சல்தான். அதுக்காகப் பாதிச் சுவர் கொடுக்க மாட்டீங்களா?"

கூட்டம் சிரித்துவிட்டது. செவியாருக்கு ரோஷம் வந்தது. இந்தத் தொழிலில் ரோஷப்படக் கூடாது, அது அவருக்குத் தெரியாமல் போயிற்று. "அடிச்சுக்கோ! சுண்ணாம்பு பட்ட பாதி ரெண்டு மடங்கு அழும். அப்ப தெரியும்" என்று எண்பது பேர் முன்னால் வாக்குக் கொடுத்தார். பைண்டர் அம்மாவும் தலையாட்டினார்.

அன்று மத்தியானமே வேலை ஆரம்பித்தது. அக்காவும் மருமகளும் சுரண்டியைப் பிடித்தார்கள். பெயிண்ட் பெரிய பெரிய தோலாக உரிந்து வந்தது. அடியில் சுவர் சொதசொதவென்று இருந்தது. அதன்மேல் பொடி உப்பு பூத்திருந்தது. மருமகள் ஈரத் துணியால் துடைக்கப் போனாள்.

"தண்ணி காட்டாதே. உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளயே போயிடும். காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடு" என்றார் அக்கா.

செவ்வாய்வரை சும்மா விட்டு வைத்தார்கள். புதன்கிழமை காலை இருவரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கண் போய்விடும். பல மாதம் தண்ணீருக்குள் கிடந்த சுண்ணாம்பைக் கரைத்து, வடிகட்டி, பால் மாதிரி ஆக்கி, சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு அக்கா பூச ஆரம்பித்தார். படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பைண்டர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அழுவுற சுவருக்குத் தண்ணி வேற தெளிக்கிறியா? அப்புறம் என்ன இது, அடிச்சதே தெரியல?"

"காய்ஞ்ச சுவர் சுண்ணாம்புல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும்மா, அப்புறம் கையில ஒட்டும். கெட்டியா ஒரே பூச்சு அடிச்சா உரிஞ்சிடும். மெலிசா அடிக்கணும். ஒண்ணு காய்ஞ்ச பிறகு இன்னொண்ணு."

அம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலை விளக்கைப் போட்டபோது அந்தப் பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்மா படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றார் என்று மருமகள் சொன்னாள். வியாழன் இரண்டாவது பூச்சு, வெள்ளி மூன்றாவது. சனிக்கிழமை அவள் தன் பெட்டியை அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். சுவரைப் பார்க்க வந்தவர்கள் பாதி, சண்டையைப் பார்க்க வந்தவர்கள் மீதி. படிக்கட்டின் மேல்படியில் அந்தப் பெட்டி நின்றது. ஒவ்வொருவரும் அதில் இடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள்.

ஒன்பதரைக்கு என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு பாதியும் காய்ந்திருந்தன. பத்து மணிக்கு வலது பாதியில் பளபளப்பு மங்கியது. பத்தேகாலுக்கு முதல் சொட்டு உருண்டது.

"பாருங்க, பாருங்க! அழுவுது!" செவியார் வலது பக்கமாகவே திரும்பி நின்று கூவினார்.

"ஐயா, இந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்புங்க" என்றார் சுண்ணாம்பு அக்கா.

இடது பாதி அப்படியே இருந்தது. ஒரு சொட்டு இல்லை. அக்கா கறுப்புத் துணியால் அழுத்தித் துடைத்துக் காட்டினார். துணியில் ஈரமும் இல்லை, வெள்ளையும் ஒட்டவில்லை.

"சுவரோட வாயைச் சுண்ணாம்பு வெச்சு அடைச்சுட்டா!" என்று கத்தினார் செவியார்.

"ரெண்டு மடங்கு அழும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று மடக்கு நாற்காலிக்காரர் கேட்டுவிட்டார். இத்தனை வாரமாக உட்கார்ந்தே இருந்தவர் முதல் தடவையாக எழுந்து நின்றார்.

"கடிகாரக்காரரே, உங்க மூக்குக் கண்ணாடியைக் கழட்டுங்க" என்றார் அக்கா.

கழற்றினேன். கண்ணாடி முழுக்கப் பனி படிந்து ஓரத்தில் ஒரு சொட்டு தொங்கியது.

"இவர் கண்ணாடி எந்த மருமகளைப் பார்த்து அழுவுது, ஐயா?"

நிலவறை கொல்லென்று சிரித்தது. செவியார் கடைசி ஆயுதத்தை எடுத்தார். மஞ்சள் துணியை அக்காவின் கையில் திணித்தார். சுண்ணாம்பு ஊறிய கை பட்டதும் துணி ரத்தச் சிவப்பானது. "பார்த்தீங்களா? இவளும் கூட்டுக் களவாணி!" என்றார்.

"கண்ணு, மேல குழாயடியில இருக்கிற சோப்பை எடுத்துட்டு வா" என்றார் அக்கா, அலட்டிக்கொள்ளாமல். "ஐயா, நீங்க இதைக் கையில தேய்ச்சுட்டு உங்க துணியை நீங்களே பிடிங்க."

செவியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சோப்புக்குப் பயந்த ஒரு மகானை அன்றுதான் பார்த்தேன்.

அப்போது யாரும் எதிர்பாராமல் பைண்டர் அம்மா முன்னால் வந்தார். சோப்பை வாங்கினார். ஈரக் கையில் நுரை வரத் தேய்த்தார். துணியின் மஞ்சள் மிச்சமிருந்த மூலையைப் பிடித்தார். அவருடைய ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன.

"அப்ப நானும்தான் சுவரை அழ வெச்சேனா?" செவியாரைப் பார்த்துக் கேட்டார். "முப்பது வருஷமா இந்த வீட்டில இருக்கேனே!"

பின்னால் ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டார். "அட, மஞ்சள் கறையில சோப்புப் போட்டா சிவக்கும்னு நமக்குத் தெரியாதா? தினமும் துவைக்கிறோமே!"

அதுதான் வேடிக்கை. அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணும் அதைத் தன் வீட்டுக் குழாயடியில் நூறு தடவை பார்த்தவர்தான். பெண்கள் துவைத்துப் போட்டதை மாட்டிக்கொண்ட ஆண்களுக்குத்தான் அதுகூடத் தெரியாது. அந்தப் பெண்களோ தெரிந்ததை எல்லாம் படிக்கட்டுக்கு மேலே கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள், செருப்போடு செருப்பாக.

இதற்குள் மூலையில் இன்னொரு சத்தம். அடுக்கி வைத்திருந்த சாந்திக் கலவை டப்பாக்களின் மேலே ஒட்டிய காகிதம் நிலவறை ஈரத்தில் ஊறி நழுவி, அடியிலிருந்த வேறொரு லேபிள் தெரிந்தது. கூட்டத்தில் நின்ற பெயிண்ட் கடைக்காரர் ஒரு டப்பாவைத் தூக்கிப் பார்த்து வாயைப் பிளந்தார். "இது என் கடைச் சரக்குங்க! பாத்ரூமுக்கு அடிக்கிற பளபளப்பு வார்னிஷ்! ஈரம் உள்ள போகாது, வெளியவும் வராது!"

நோயையே மருந்தென்று விற்றிருக்கிறார் செவியார். எல்லோரும் டப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினபோது செவியார் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார். மேல்படியில் இருந்த பெட்டியில் இடித்துக் குப்புற விழுந்து, எழுந்து ஓடினார். ஸ்டெதஸ்கோப் மட்டும் படியிலேயே கிடந்தது. சுவரின் குரலை அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டவருக்கு, நில்லுய்யா என்று நூறு பேர் கத்தியது காதில் விழவில்லை.

மணி பத்து ஐம்பது. பைண்டர் அம்மா மேலே ஏறிப் பெட்டியைத் தூக்கினார். மருமகளின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"உள்ள வெச்சிடுறேன்மா. நான்... எனக்கு அறிவில்லாமப் போச்சு."

"கொடுங்க அத்தை. நான் போறேன்."

"அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே! எதுக்கு இப்ப?"

"சுவர் சொல்லிப் போகல. எங்க அம்மாவைப் பார்த்து எட்டு மாசம் ஆச்சு, பார்க்கப் போறேன்." பெட்டியை வாங்கிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "மீதிப் பாதியை நீங்க சுரண்டுங்க. அந்த ஓட்டை ரெண்டையும் திறங்க. மூணு பூச்சு அடிங்க, ஒவ்வொண்ணும் காயணும். அம்மா சொன்னாத்தான் செய்வேன்னா அம்மாகிட்டயே கேட்டுக்குங்க. வேலை முடிஞ்சதும் ஒரு போன் பண்ணுங்க. வர்றதா வேணாமான்னு அப்ப யோசிக்கிறேன்."

அவன் குனிந்து சுரண்டியை எடுத்தான். அவனுடைய வாய்க்கு அன்று அதுவே பெரிய பேச்சு. அவள் பஸ் ஏறுவதை நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை. என் கையில் துணி மஞ்சளாகவே இருந்ததற்கு நான் பெருமைப்பட்டு நின்றதை, துணியைப் பிடிக்க இறங்கி வந்தபோது அவளும் பார்த்தாள்தானே.

கடைக்குள் வந்து பாட்டிலை எடுத்தேன். தெருவில் இருமியவர், தும்மியவர், வெங்காயம் தின்றுவிட்டு வந்தவர் எல்லோருடைய மூச்சையும் இரண்டு மாதமாக முழங்காலில் தடவியிருக்கிறேன். சாக்கடையில் ஊற்றினேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஊற்றுவதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது.

சாயங்காலம் மடக்கு நாற்காலிக்காரர் வந்தார். நாற்காலி கக்கத்தில்தான் இருந்தது.

"கேள்விப்பட்டீங்களா? அடுத்த தெருவில ஒரு வீட்டுக் கதவு ராவும் பகலும் முனகுதாம். ஒருத்தர் வந்து காது வெச்சுப் பார்த்தாராம். வீட்டுக்குப் புதுசா வந்தது யாருன்னு கேட்டாராம். போய்ப் பார்ப்போமா?"

கடிகாரத்துக்குப் போடுகிற எண்ணெய்ப் புட்டியை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். கதவு முனகினால் கீலுக்கு எண்ணெய் விடுங்கள். சுவர் அழுதால் சுவரைச் சுரண்டிப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பெண்ணைச் சுரண்டுவதற்கு முன்னால், உங்கள் மண்டைக்கு யார் எப்போது ஆயில் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள் என்று ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.